சப்பாணி கட்டி இருக்கத் தெரிந்த கால்

தீவக வரலாற்றுத் தொடர் – 17

சென்ற அத்தியாயத்தைக் குமுதினியோடு நிறுத்தியிருந்தோம். 1985 மே 15 அன்று நெடுந்தீவுத் துறையிலிருந்து புறப்பட்ட அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டதையும், அதில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டவர்களையும் பார்த்தோம். அன்று காயத்தோடு கரை சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் போன்றவர்களிடமிருந்து இந்த அத்தியாயம் தொடங்குகிறது. இறந்தவர்களுக்கு நம்மிடம் நினைவுத்தூபிகள் உண்டு. ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் ஒரு காலைக் கொடுத்துவிட்டு மிச்ச வாழ்நாளை இதே மண்ணில் நடந்து கழித்தவர்களுக்குத் தூபி இல்லை. அவர்களுடைய வரலாற்றைத் தேடினால் ஒரு பட்டறையில் போய் நிற்கவேண்டும்.

அந்தப் பட்டறை 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம் என்று பெயர் நீண்டாலும் சனத்துக்கு அது வெறும் ‘ஜெய்ப்பூர்’. ராஜஸ்தானத்து நகரமொன்றின் பெயர் பனங்காட்டு நாட்டில் செயற்கைக் காலுக்குப் பெயரானது எப்படி? அதற்கு இன்னும் இருபது ஆண்டு பின்னே போகவேண்டும்.

சப்பாத்துக் கேட்ட கால்

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பியல் மருத்துவராக இருந்தவர் பிரமோத் கரண் சேத்தி. கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு அப்போது கொடுக்கப்பட்டது 1950களில் அமெரிக்காவில் உருவான ‘சாச்’ என்ற பாதம். நல்ல பாதம்தான். ஆனால் அதற்குச் சப்பாத்து வேண்டும். கணுக்கால் மடங்காது. கதிரையில் இருந்து மேசையில் சாப்பிட்டு, சீமெந்துத் தரையில் சப்பாத்தோடு நடக்கும் ஒருவரை நினைத்துச் செய்யப்பட்டது அது. ராஜஸ்தான் விவசாயி வெறுங்காலோடு நடப்பவர். தண்ணீர் நின்ற வயலில் இறங்குபவர். குந்தியிருந்து வேலை செய்து, சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டு, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுபவர். ஆஸ்பத்திரியில் வாங்கிய காலை அவர் ஊருக்குக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டுப் பழையபடி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

தந்த காலை ஏன் போடவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்வது சுலபம். பல ஆஸ்பத்திரிகளில் அதுதான் நடந்தது, இன்றும் நடக்கிறது. காலில்தான் பிழை என்று சேத்தி எடுத்துக்கொண்டார். அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்துவந்தவர் ராம் சந்திர சர்மா. கைவினைக் குடும்பத்தில் பிறந்தவர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். லொறி ரயருக்கு றப்பர் ஒட்டி வேகவைக்கும் கடையைப் பார்த்தபோதுதான் அவருக்கு யோசனை பிடிபட்டது என்று சொல்வார்கள். 1968இல் ஜெய்ப்பூர் கால் உருவானது.

அதன் உள்ளமைப்பு இப்படி: குதிக்கும் முன்பாதத்துக்கும் மெத்தென்ற றப்பர்க் கட்டிகள், கணுக்காலுக்கு மரக்கட்டி, அதில் ஒரு ஆணி. மூன்றையும் ரயர் நூல் பதிந்த றப்பரால் சுற்றி, மேலே தோல் நிறத்தில் ஒரு றப்பர்ப் படை போர்த்தி, அலுமினிய அச்சில் வைத்து வேகவைத்தால் விரலும் நகமும் தெரிகிற பாதம் வந்துவிடும். சப்பாத்துத் தேவையில்லை, தண்ணீரில் ஊறாது, எல்லாப் பக்கமும் வளையும், ஆகவே மேடுபள்ளத்தில் கால் பிரளாது. முழங்காலுக்குக் கீழான குழாயை முதலில் அலுமினியத் தகட்டைத் தட்டித்தான் செய்தார்கள். பாத்திரம் தட்டுகிற கன்னார் கைக்குப் பழகிய வேலை அது. பின்னாளில் நீர்க்குழாய் செய்கிற பிளாஸ்டிக்கும் வந்தது. இதற்கு யாரும் காப்புரிமை எடுக்கவில்லை. பார்த்தவர் எவரும் செய்யலாம்.

மருத்துவருக்கு எலும்பு தெரியும், சர்மாவுக்குக் கைவேலை தெரியும். கால் என்னென்ன செய்யவேண்டும் என்ற பட்டியலைத் தந்தவர்களோ, கால் இல்லாதவர்கள். குந்தவேண்டும், நனையவேண்டும், வெறும் பாதமாகப் பார்வைக்குத் தெரியவேண்டும், ஊரிலேயே திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கைகள் எந்தப் பொறியியல் புத்தகத்திலும் அதுவரை எழுதப்பட்டிருக்கவில்லை.

இதன் அடுத்த பகுதி அதிகம் பேசப்படாதது. 1968க்கும் 1975க்கும் இடையில் இந்தக் காலைப் பெற்றவர்கள் வெறும் 59 பேர். தன் காலே போகப் பார்த்த விபத்தொன்றிலிருந்து எழுந்துவந்த டி. ஆர். மேத்தா என்ற அரச அதிகாரி 1975இல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியைத் தொடங்கினார். கால் இலவசம், வந்தவருக்குத் தங்க இடமும் சாப்பாடும் உண்டு, இயன்றவரை காலோடுதான் திரும்பிப் போகலாம் என்று ஏற்பாடு செய்தார். அதன் பிறகுதான் ஆயிரக்கணக்கில் போனது. கால் அதே கால்தான். அதை அடையும் வழியை மேத்தா மாற்றினார். கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளுக்கு இந்த இரண்டாம் பாடமே முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1981இல் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. அதே ஆண்டில் திருச்சிக்கு அருகே பஸ் விபத்தொன்றில் கால் இழந்த நடனமணி சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு மறுபடி மேடையேறியதும், அவரே நடித்த ‘மயூரி’ படம் வந்ததும் அந்தப் பெயரைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. 1980களின் நடுப்பகுதியில் கொழும்பில் பிறெண்ட்-இன்-நீட் சங்கத்தினர் ஜெய்ப்பூர் கால் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியைப் 19ஆம் நூற்றாண்டில் நிறுவி நடத்தியதும் அதே பெயரில் இயங்கிய சங்கம்தான் என்பது இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

பட்டறைக்குள்

செயற்கைக் கால் கடையில் இலக்கம் பார்த்து வாங்கும் பொருளன்று. எஞ்சிய காலுக்கு மெல்லிய உறை மாட்டி, அதன் மேல் நனைத்த பிளாஸ்ரர்த் துணியைச் சுற்றுவார்கள். காய்ந்ததும் கழற்றினால் ஒரு கூடு. அதற்குள் பிளாஸ்ரரை ஊற்றி எடுத்தால் அந்த மனிதருடைய காலின் அச்சு. இனித்தான் நுட்பம். முழங்காற் சில்லின் கீழேயுள்ள தசைநாண் பாரம் தாங்கும், ஆகவே அச்சில் அந்த இடத்தைக் கொஞ்சம் சீவிக் குறைப்பார்கள். வெளிப்பக்க எலும்பின் தலை பாரம் தாங்காது, அங்கே பிளாஸ்ரரைப் பூசி உயர்த்துவார்கள். அந்த அச்சின் மேல்தான் தகட்டைத் தட்டுவதோ, சூடாக்கி இளகிய பிளாஸ்டிக்கை இழுத்து மூடுவதோ நடக்கும். பாதத்தைப் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிடுவார்கள்.

“எங்கை அண்ணை குத்துது?”

“இஞ்சை, முன்னெலும்பிலை. இறங்கேக்கை மட்டும்.”

இப்படியொரு பேச்சு எந்தக் கால் பட்டறையிலும் நாள்தோறும் நடக்கும். குத்துகிறதா, இறுக்குகிறதா, கழன்று வருகிறதா, எரிகிறதா என்று சொல்லக்கூடிய கருவி எதுவும் பட்டறையில் இல்லை. போட்டவர் வாயால் சொல்லவேண்டும். அவர் சொல்லச் சொல்லத் தட்டுவதும் தேய்ப்பதுமாகச் சில நாழிகை போகும். ‘பழகப் பழகச் சரியாகும்’ என்று அனுப்பிவைத்தால் இரண்டு கிழமையில் புண் வந்துவிடும். பிறகு அந்தக் கால் வீட்டு மூலையில்.

தீவகத்தவரின் பட்டியல் ராஜஸ்தானத்தாரின் பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துப்போனது, சில இடங்களில் நீண்டது. இங்கே நடப்பதற்குத் தார் றோட்டு குறைவு, மணலும் முருகைக்கல்லும் அதிகம். நெடுந்தீவில் காணிக்குக் காணி முருகைக்கல் வேலி. குறுக்கு வழியில் போகவேண்டுமென்றால் கடவை தாண்டவேண்டும். கரைவலைக்காரர் முழங்கால் தண்ணீரில் நிற்கவேண்டும். உப்பு நீர் அலுமினியத்தை அரிக்கும், ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும், உறைக்குள் புகுந்த மணல் தோலைத் தேய்க்கும். நயினை நாகபூசணி அம்மன் வாசலிலோ எந்தக் காலுக்கும் சப்பாத்து ஆகாது. விரலும் நகமும் தெரிந்த அந்த றப்பர்ப் பாதம் அங்கே உள்வீதி சுற்றி வரும்.

பட்டறை தொடங்கிய அதே 1987இல் உலகத்தின் மறுகோடியில் ஒரு புத்தகம் வெளிவந்தது. டேவிட் வேர்னரின் ‘மாற்றுத்திறனுடைய கிராமத்துக் குழந்தைகள்’ பற்றிய கையேடு. மெக்சிக்கோ மலைக்கிராமம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய புரொஜிமோ என்ற நிலையத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது. சக்கர நாற்காலியைச் செய்பவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதால் பிழை உடனே பிடிபடும் என்பது அவர்கள் கண்டது. எங்களைப் பற்றியது எதுவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம் என்ற முழக்கம் பின்னாளில் உலகெங்கும் ஒலித்தது. யாழ்ப்பாணத்துக்கும் அந்த மலைக்கிராமத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இரண்டிடத்திலும் வேலை ஒரே தத்துவத்தில் நடந்தது: போடுபவர் சொல்வதே முடிவான அளவு.

பண்ணைக்கு இக்கரையும் அக்கரையும்

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. ஓகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கினர். 1991இன் இறுதிக்குள் தீவுகள் முழுவதும் படையினர் வசம். குடாநாடு 1995 வரை புலிகள் வசம். இடையே பண்ணைக் கடல். வேலணையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குச் சைக்கிளில் வந்து போன பாதை மூடிக்கிடந்தது. சனத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே குடாநாட்டுக்கும் பிறகு வன்னிக்கும் கொழும்புக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டது. எஞ்சியவர்களுக்கோ, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்த பட்டினம் வேறு நாடு மாதிரி.

1992 ஓகஸ்ட் 8 அன்று ஊர்காவற்றுறைத் தீவின் அராலித்துறையில் வெடித்த கண்ணிவெடியில் தளபதி டென்சில் கொப்பேகடுவவும் உடனிருந்த அதிகாரிகளும் இறந்தார்கள். போர் வரலாறுகள் அனைத்திலும் அந்த வெடி இருக்கிறது. மாடு தேடிப் போனவரும் விறகு பொறுக்கப் போனவரும் மிதித்த வெடிகள் எந்த வரலாற்றிலும் தேதியோடு இல்லை. மிதிவெடி செய்யப்படுவதே கொல்வதற்கல்ல, காலை எடுப்பதற்கு. கால் போன ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓட இருவர் வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

செயற்கைக் கால் ஒருமுறை வாங்கி முடிகிற பொருளும் அல்ல. எஞ்சிய கால் மெலியும், கூடு தொளதொளக்கும். பாதம் மூன்று நாலு ஆண்டில் தேயும். வளர்கிற பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி மாற்றவேண்டும். ஆகவே கால் இழந்தவருக்கும் பட்டறைக்கும் உள்ள உறவு ஆயுட்கால உறவு. பாதை மூடிய ஆண்டுகளில் அறுந்தது அதுதான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பட்டினமே வெறிச்சோடியபோது பட்டறைக்காரரும் சனத்தோடு சனமாயினர். பிறகு திரும்பிவந்து அடுப்பை மூட்டினார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் துணையோடு பொலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் செய்யும் முறையும் வந்தது. உப்புக்கும் துருவுக்கும் அஞ்சாதது என்பதால் தீவகத்துக்கு அது பொருந்தியது.

துறையில் ஒரு எட்டு

இனி, மேத்தாவின் பாடத்துக்கு வருவோம். நெடுந்தீவில் இருப்பவருடைய கூடு தொளதொளத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் துறைக்கு வரவேண்டும். படகில் ஒரு மணிநேரம். குறிகட்டுவானில் இறங்கி பஸ் பிடித்துப் புங்குடுதீவும் வேலணையும் தாண்டிச் சுமார் 30 கிலோமீற்றர். மாலைப் படகுக்கு முன் திரும்பவேண்டும்.

நயினாதீவுக்கு ஓடும் படகுகளில் ஏறியவர்களுக்குத் தெரியும். துறையிலிருந்து படகின் விளிம்புக்கு ஒரு எட்டு வைக்கவேண்டும். படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பிறகு மேல்தட்டில் ஒரு சாண் அகல விளிம்பு வழியே நடந்து, குனிந்து, செங்குத்துப் படிகளில் வள்ளத்தின் வயிற்றுக்குள் இறங்கவேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் இரண்டு கால் உள்ளவருக்கே தடுமாறும். தூக்கிவிடப் படகுக்காரர் கை நீட்டுவார், பக்கத்தில் நிற்பவரும் நீட்டுவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூக்குபவர் இல்லாத நாளில் பயணமும் இல்லை. சக்கர நாற்காலியோடு ஒருவர் தனியே போய்வரலாம் என்ற எண்ணமே அந்தப் படிகளைக் கட்டியவருக்கு வந்திருக்காது. ஆனித் திருவிழாவுக்கு வரும் முதியவர்களும், நிறைமாதக் கர்ப்பிணிகளும், கைக்குழந்தைக்காரரும் அதே படியில்தான் திணறுகிறார்கள்.

கடல்தான் தடை என்றும் சொல்லிவிட முடியாது. இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்து தாழும் மிதக்கும் மேடையொன்றைக் கட்ட இதைவிட வசதியான கடல் கிடைக்காது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் வீதி அபிவிருத்திக்காரர் ஓட்டும் ‘பாதை’யைப் பாருங்கள். தட்டையான தளம், இரு பக்கமும் சரிந்து கரையில் படியும். சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் உருண்டு ஏறும். அதை யாரும் மாற்றுத்திறனாளிக்கென்று வரையவில்லை, வண்டிக்கென்று வரைந்தார்கள். வண்டிக்கு விட்ட வழியில் சக்கர நாற்காலியும் ஏறிவிடுகிறது. தொழில்நுட்பம் இங்கேயே, நம் கண்முன்னே, ஒரு நீரோட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. நெடுந்தீவுக்குக் குமுதினிக்குப் பிறகு வடதாரகை வந்தது, 2017இல் நெடுந்தாரகையும் வந்தது. படகு பெரிதானாலும் துறைக்கும் படகுக்கும் நடுவே அந்த ஒரு எட்டு இருக்கத்தான் செய்கிறது.

சட்டம் வந்த மாதம்

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல், 28ஆம் இலக்கத்தில் வந்தது. பொதுக் கட்டடங்களும் போக்குவரத்தும் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபர் 17 அன்று வர்த்தமானியில் வெளியாயின. இருக்கிற கட்டடங்களைத் திருத்த மூன்று ஆண்டு அவகாசம். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது? ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மாதங்கள் அவை. சாய்தளத்தின் சரிவு எத்தனைக்கு எத்தனை என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. மூன்று ஆண்டு முடிந்தபோது போரும் முடிந்திருந்தது. ஆயிரக்கணக்கில் புதிதாகக் கால் இழந்தவர்கள் வன்னியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த விதிகளுக்கு உயிர் கொடுத்தவர் சட்டத்தரணி அல்ல. அஜித் பெரேரா இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2011 ஏப்ரல் 27 அன்று நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்களில் இந்த விதிகளை மீறக்கூடாது, மீறினால் தண்டனைக்குரியது என்று கட்டளையிட்டது. எந்தக் கதவு எத்தனை அங்குலம் குறைவு, எந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கதவிலும் அவர் முட்டியிருந்தார். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதேனும் ஒரு வலுக்குறைவு உள்ளவர்கள் என்று பதிவானது. 2016 பெப்ரவரியில் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது.

ஆக, காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. தீவகத்தில் போருக்குப் பிறகு கட்டப்பட்டவை கொஞ்சமல்ல. புலம்பெயர்ந்தோர் பணத்தில் கோபுரங்கள் உயர்ந்தன, மண்டபங்கள் எழுந்தன, வாசிகசாலைகள் திறக்கப்பட்டன. அவற்றில் எத்தனைக்கு வாசலில் மூன்று படி இருக்கிறது, எத்தனைக்குப் பக்கத்தில் சாய்தளம் இருக்கிறது என்பதை வாசகர் தத்தம் ஊரில் எண்ணிப் பார்க்கலாம். சாய்தளம் இருக்கும் இடங்களிலும் சிலவற்றில் சக்கர நாற்காலி ஏறாது. அவ்வளவு செங்குத்து. முடிவில் ஒரு பூந்தொட்டியும் நிற்கும். கட்டியவர் விதியைப் படித்திருக்கிறார், ஏறுபவரைக் கேட்கவில்லை.

ஐம்பது ஆண்டுக் கதையை ஒரு பார்வையில் வைத்தால் இரண்டு வரிசை தெரிகிறது. முதல் வரிசையில் காலும் பாதமும். தீவகத்தில் அவை நிலைத்தன, ஏனென்றால் குந்துபவரும் நனைபவரும் கோயிலுக்குப் போகிறவரும் சொன்னதைக் கேட்டுச் செய்யப்பட்டன, பிழைத்தால் மறுபடி தட்டப்பட்டன. இரண்டாம் வரிசையில் துறையும் படகும் படியும். அவற்றுக்குக் காசும் பொறியியலாளரும் சட்டமும் இருந்தும் கைகூடாததற்குக் காரணம், வரையும் மேசைக்கு ஏறுபவர் அழைக்கப்படவே இல்லை. பட்டறையில் செயற்கைக் காலோடு நிற்பவர் “குத்துது” என்றால் வேலை நிற்கும். அதே மனிதர் குறிகட்டுவான் துறையில் நின்று அதே சொல்லைச் சொன்னால் கேட்பதற்கு ஒரு மேசை இல்லை. நெடுந்தீவுக்கு அடுத்த படகு வரும்போது, கட்டுமுன் அதன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலில் போகவேண்டிய இடம் அந்தக் கால் பட்டறைதான். அங்கே தம் முறைக்காகக் காத்திருக்கும் தீவகத்தாருக்கு அந்தப் படியின் ஒவ்வொரு அங்குலமும் தெரியும்.

அடுத்த அத்தியாயத்தில் கைதடிக்குப் போகிறோம். 1956இல் அங்கே தொடங்கிய நஃபீல்ட் பாடசாலையில் பார்வையற்ற, செவிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளைகள் படித்த கதையும், புள்ளி எழுத்தில் தமிழ் வாசிக்கப்பட்ட கதையும்.

(தொடரும்)